தீபாவளி இல்லாத வீட்டில் ஒரு நாய்

அம்மா இறந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. துக்க வீட்டில் அந்த ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது, புதுத்துணி கூடாது, வெடி கூடாது. இவற்றை விடுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. யார் வீட்டுக்கும் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம், யாருடைய லட்டையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம்.

ஆடி மாத மழையில் மஞ்சள் காமாலை வந்து அம்மா போனாள். அதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை, காய்ச்சல்காரனின் நாக்கு மாதிரி. பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். செம்பூரிலிருந்து ரயிலேறிப் போவேன், நாள் முழுக்க டைப் அடிப்பேன், திரும்பி வருவேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் தெரிந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவர்கள் முகம் எப்போது பழைய நிலைக்குத் திரும்பும், நான் எப்போது ஜன்னல் பக்கம் பார்க்கலாம் என்று காத்திருப்பேன். அழுகை வரவில்லை. வராததைப் பற்றி வருத்தமும் வரவில்லை.

அப்பா வேறு மாதிரி. அவர் அதற்கு முந்தைய வருஷம்தான் ரயில்வே ஆபீஸிலிருந்து ரிடையர் ஆகியிருந்தார். அம்மா போன பிறகு முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். கேட்டால் பதில் சொல்வார், தட்டை வைத்தால் சாப்பிடுவார், பிறகு மறுபடி சுவர். செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்து பம்பாய் முழுக்க பிளாக்‑அவுட் போட்டபோது ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். எங்கள் வீட்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. சண்டை நின்று எல்லோரும் காகிதத்தைக் கிழித்த பிறகும் எங்கள் வீட்டில் மட்டும் அப்படியே கிடந்தது. கிழிக்கலாமா என்று கேட்கவும் யாருமில்லை.

அந்த அப்பாவைக் காலையில் எழுப்பியது நாய்தான். விடிந்ததும் கட்டில் காலைப் பிறாண்டும். அவர் அசையாவிட்டால் போர்வையை இழுக்கும். வேறு வழியில்லாமல் எழுந்து, ஆணியில் தொங்கும் சங்கிலியை எடுத்து, ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வருவார். வந்தால் ஒரு காப்பி. காப்பி குடித்தால் ஷேவ் செய்துகொள்வார். ஷேவ் செய்துகொண்டால் குளிப்பார். இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு கயிற்றில் கட்டியிருந்தது, கயிற்றின் நுனி நாயின் கழுத்தில் இருந்தது. நாய் இல்லையென்றால் அப்பா எழுந்திருக்க மாட்டார். இது எனக்கு என் பெயர் தெரிந்த அளவுக்குத் தெரியும். அதனால் தீபாவளி நெருங்கும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வெடிச் சத்தத்தில் நாய் ஓடிவிடக்கூடாது.

அது அம்மாவின் நாய். மாட்டுத் தொழுவத்திலிருந்து பால் கொண்டுவருகிற வடக்கத்திக்காரர், பையா என்போம், ஒரு மழைக்காலத்தில் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அம்மா அதற்கு வைத்த பெயர் அவளோடு இருக்கட்டும், இங்கே வேண்டாம். வீட்டில் அது நடந்த பாதை ஒன்றுதான். அம்மாவின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில். அப்பா அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவருக்கு அவசியமும் இருந்ததில்லை. கண்ணாடி வேண்டுமென்றாலும் பேப்பர் வேண்டுமென்றாலும் முன்னறையில் இருந்தபடியே, ‘ஏளா!’ என்பார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தத் தலைமுறை ஆண்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஏளாதான். அந்தக் குரல் கேட்டதும் அடுக்களையில் அம்மா எழுந்திருப்பாள், நாயும் எழுந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாசற்படியில் நிற்பார்கள். அம்மா எதையாவது கொடுத்துவிட்டுத் திரும்புவாள், நாயும் திரும்பும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கிற விஷயம் என்பதால் அதை யாரும் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

எங்கள் காலனியில் ஒவ்வொரு தீபாவளிக்கும் நாய்கள் காணாமல் போகும். வெடிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதுகளுக்குத் தெரியாது. கண்மூடித்தனமாக ஓடி ரயில் தண்டவாளத்தில் ஏறிவிடும். எதிர்க் கட்டிடத்துச் சிந்திக்காரரின் நாய் அதற்கு முந்தைய வருஷம் அப்படித்தான் போயிற்று. எங்கள் நாய் குட்டியாக வந்த முதல் தீபாவளிக்கு அரிசி டிரம்முக்குப் பின்னால் நுழைந்து, வெடியெல்லாம் ஓய்ந்த பிறகும் வெளியே வரமாட்டேன் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அப்போதுதான் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதையே செய்தாள்.

முதல் நாள் மத்தியானமே நீண்ட நடை நடத்தி நாயைக் களைக்க வைப்பாள். பொழுது சாயுமுன் தயிர்சாதம் போட்டு, வெளிக்கு விட்டு, சங்கிலியை மாட்டிவிடுவாள். அடுக்களையில் பெஞ்சுக்குக் கீழே தன் பழைய சேலை ஒன்றை விரித்து, மேலேயிருந்து போர்வையைத் தரை வரைக்கும் தொங்கவிடுவாள். ஜன்னலைச் சாத்திவிடுவாள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவளுடைய மூளை வேலை செய்தது ஆட்டுக்கல்லில். தினமும் அவள் மாவாட்டும்போது நாய் பக்கத்தில் படுத்து, அந்தக் கடகட சத்தத்திலேயே தூங்கிப்போகும். ஆகவே தீபாவளி அன்று விடியுமுன் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி கொளுத்துகிற நேரத்தில் அம்மா உட்கார்ந்து மாவாட்டுவாள். அரிசி, பிறகு உளுந்து, மறுபடியும் அரிசி. நாங்கள் தரைத்தளம் என்பதால் கீழ்வீட்டுச் சண்டை இல்லை. வெளியே ஊரே அதிரும், நாய்க்குக் கல்லின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். நாய்க்காக அவள் தீபாவளிக் குளியலையே தள்ளிப்போடுகிறாள் என்று அப்பா கேலி செய்வார். அவள் ஆட்டுவதை நிறுத்தாமல் சிரிப்பாள்.

அந்த வருஷம் கல்லருகே உட்கார வந்தது அத்தை. அப்பாவின் அக்கா. தம்பி படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்து தனியாக ரயிலேறி வந்துவிட்டாள். பம்பாய்க்கு வருவது அதுதான் முதல் தடவை. தள்ளுவண்டிக் காய்கறிக்காரனிடம் அவள் தமிழில் பேரம் பேசுவாள், அவன் இந்தியில் பதில் சொல்வான், இரண்டு பேருக்கும் திருப்தியாக முடியும். அவளுக்கு நாய் பிடிக்காது. நாயை அடுக்களையில் விடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வந்த அன்றைக்கே சொன்னாள். ஆனால் காலையில் தம்பியை எழுப்புவது யார் என்பதை இரண்டே நாளில் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு நாயைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொடாமல் எட்டி நின்று தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

நான் அம்மாவின் ஏற்பாட்டைச் சொன்னேன். அத்தை ஒரு பாடம் போலக் கேட்டுக்கொண்டாள். சண்டை வந்த வருஷம், வெடி குறைவாகத்தான் இருக்கும் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். குறையவில்லை. விடியுமுன்பே எங்கள் காலனித் தமிழ் வீடுகளில் ஆரம்பித்துவிட்டார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை ஆட்டினாள். எனக்குத் தெரிந்து அப்படி யாரும் மாவாட்டி நான் பார்த்ததில்லை. ஜன்னலில் இருந்த கறுப்புக் காகிதத்தால் வெடியின் வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. ஒவ்வொரு பெரிய வெடிக்கும் நாய் தலையைத் தூக்கும், கல் நிற்கவில்லை என்று தெரிந்ததும் கீழே வைக்கும். ஒரு கட்டத்தில் பெஞ்சுக்குக் கீழேயிருந்து குறட்டை கேட்டது. அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. எனக்கும் சந்தோஷப்பட வேண்டும் போல இருந்தது, ஆனால் வரவில்லை.

நன்றாக விடிந்து வெடி ஓய்ந்ததும் நாய் எழுந்து சோம்பல் முறித்து, முன்னறைக்குப் போய், கட்டில் காலைப் பிறாண்டியது. அப்பா எழுந்தார். சங்கிலி, நடை, காப்பி, ஷேவ், குளியல். எல்லாம் நடந்தது.

அன்று மத்தியானம் அத்தை போர்வையையும் பழைய சேலையையும் துவைத்துக் காயப்போட்டாள். இரண்டு பெரிய பாத்திரம் நிறைய மாவு இருந்தது. எண்ணெய்ச் சட்டிதான் வைக்கக்கூடாது, இட்லி அவிக்கலாமே என்றாள். தீபாவளியைக் கடத்தியாயிற்று, இனி அடுத்த வருஷம்தான் என்று அப்பாவிடமும் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்தபடி உம் என்றார்.

ஊரில் அவளுக்குத் தெரிந்த தீபாவளி அவ்வளவுதான். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், வெடி, பலகாரம், வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிடும். பம்பாயில் தமிழர்கள் நாங்கள் தொடங்கி மட்டும் வைக்கிறோம் என்பதும், மற்றவர்களுக்கு அமாவாசை சாயங்காலத்து லக்ஷ்மி பூஜைதான் தீபாவளி என்பதும், உண்மையான வெடி அதற்குப் பிறகுதான் என்பதும் இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மழை பெய்தால் நனைவோம் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதைப் போல இதையும் அத்தைக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் மாட்டுங்காவுக்குக் காப்பிப்பொடி வாங்கப் போயிருந்தேன். அப்பா குடிப்பது அந்த ஒரு கடைப் பொடியைத்தான், அது தீர்ந்தால் காலைக் கயிற்றில் ஒரு முடிச்சு அவிழும். இருட்டுமுன் திரும்பிவிட்டால் நாயைக் கட்டிப்போட நேரம் இருக்கும் என்றுதான் கிளம்பினேன். திரும்பும்போது சயானில் பஸ் நின்றது. பண்டிகைக் கூட்டம், வண்டி நகரவில்லை. கடை வாசல்களில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ முதல் சரவெடி வெடித்தது. மடியில் பொடிப் பொட்டலம் சூடாக இருந்தது. அத்தை இன்னும் நேற்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதத்தில் முதல்தடவையாக எனக்கு ஓர் உணர்ச்சி வந்தது. பயம்தான் அது. அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது காலனி முழுக்கப் புகை. அத்தை கேட்டுக்கு வெளியே கையில் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாகப் பொழுது சாயும்போது பின்பக்கம் வாதாம் மரத்தடியில் நாய்க்குச் சோறு வைப்பாள். அன்றைக்கும் சங்கிலி மாட்டாமல் வெளியே விட்டுச் சோறு வைத்திருக்கிறாள். மாடியிலிருந்த குஜராத்தி ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் பூஜை முடிந்து, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீளமாகச் சரவெடியைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். நாய் அத்தையின் காலுக்கிடையில் புகுந்து, பிறகு மதிலைத் தாண்டிவிட்டது.

‘நேத்தே முடிஞ்சிட்டுல்லாட்டி? நேத்தே முடிஞ்சிட்டுல்லா?’ என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளைத் திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும், ஆனால் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். தட்டை வாங்கி மதில்மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் தேடப் போனோம். தொழுவம், சிந்தி கேம்ப், ஸ்டேஷன் பக்கம் எல்லாம் போனோம். நான் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மாவின் குரலில் இருந்த குழைவு என் குரலில் இல்லை, எனக்கே அது யாரோ அதட்டுவது மாதிரி கேட்டது. தண்டவாளத்தின் ஓரம் நடந்தபோது மாஹூல் பக்கம் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைக் குழாயின் தீ வானத்தில் எரிந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஒன்றும் கிடக்கவில்லை. அதுவரைக்கும் பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்தோம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. விடிவதற்குள் தானாக வந்துவிடும் என்று அத்தை சொன்னாள். நானும் அதை நம்புவது போல இருந்தேன். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

காலையில் கட்டிலைப் பிறாண்ட யாரும் வரவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விழித்துத்தான் இருந்தார். காத்திருந்தார். வெயில் கறுப்புக் காகிதத்தின் கிழிசல் வழியாக உள்ளே வந்தது. எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. இந்த மனிதரையும் இந்த நாயையும் இப்படிப் பழக்கிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று. அத்தை கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அப்பா வெகுநேரம் அசையவில்லை. இதுதான், இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று நினைத்தேன். பிறகு அவர் கால்களைக் கீழே வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெறும் சங்கிலி. நான் பின்னாலேயே ஓடினேன்.

தெரு முழுக்கச் சிவப்புக் காகிதத் துணுக்கு. மருந்து நாற்றம் இன்னும் போகவில்லை. குழந்தைகள் வெடிக்காத வெடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை, வழக்கமான பாதையிலேயே நடந்தார். சங்கிலி தரையில் லேசாக இழுபட்டுக்கொண்டு வந்தது. நான்தான் ஒவ்வொரு சந்திலும் நின்று நாயின் பெயரைக் கத்தினேன். ஒரு குரைப்பும் இல்லை. ரயில்வே கேட் வந்தது. அவர் திரும்புகிற இடம் அதுதான். அன்றைக்குத் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டிப் போனார்.

அந்தப் பக்கம் சாக்கடை வேலைக்காக முனிசிபாலிட்டிக்காரர்கள் பெரிய சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவு பெரியவை. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு குழாயின் மேல் கையை ஊன்றி நின்றார். நான் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் குனிந்து பெயரைச் சொன்னேன். உள்ளே இருட்டு, என் குரல்தான் திரும்பி வந்தது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நிமிர்ந்தேன்.

அப்போது அப்பா கூப்பிட்டார்.

‘ஏளா!’

நாயைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைக் காணோம் என்றால் கூப்பிடுவாரே, அதே குரல். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் உரிமை. அந்தக் குரலை நான் ஆடி மாதத்துக்குப் பிறகு கேட்டதே இல்லை. நிறுத்தச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

‘ஏளா!’

கடைசிக் குழாய்க்குள் ஏதோ உரசியது. முதலில் மடிந்த காது தெரிந்தது, பிறகு முகம். உடம்பெல்லாம் சேறு. நாய் தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்து, அப்பாவின் முன்னால், அடுக்களை வாசற்படியில் நிற்குமே அதே மாதிரி நின்றது. நடுங்கிக்கொண்டே ஒரு தடவை பக்கவாட்டில் அண்ணாந்து பார்த்தது. அந்த இடத்தில் எப்போதும் அம்மா நிற்பாள்.

அப்பா நாயைப் பார்க்கவில்லை. குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டால் எப்போதும் இரண்டு பேர் வருவார்கள். நாய் வந்துவிட்டது. அவர் இன்னும் காத்திருந்தார். ஒரு ரயில் போயிற்று, கேட் திறந்தது, சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நானும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா இறந்துவிட்டாள் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலும் தெரியவில்லை, மயானத்திலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோதும் தெரியவில்லை.

பிறகு அப்பா குனிந்து சங்கிலியை மாட்டினார். கொக்கி மாட்ட நேரமாயிற்று. நான் உதவப் போகவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

‘அவ்வளவுதான் போல. வா, போவோம்’ என்றார்.

என்னிடம் சொன்னாரா, நாயிடம் சொன்னாரா தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமே அவர் பின்னால் நடந்தோம்.